முதல் ஏஏ கூட்டத்துக்குப் போவது எப்படி?

என் பெயரைப் போடாமல்தான் இதை எழுதுகிறேன். காரணம் கீழே வரும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏஏ என்பது குடியை நிறுத்த நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் அமைப்பு. அதன் கூட்டங்களுக்கு ஏழு வருஷமாகப் போகிறேன். அதற்கு முன்னால் ஒரு வருஷம் முழுக்க 'அடுத்த வாரம் போகலாம்' என்றே ஓட்டினேன். உள்ளே போனதும் சத்தியம் வாங்குவார்கள் என்று பயம். சூடம் அடித்துப் பண்ணிய சத்தியங்களே வீட்டில் வரிசையாகக் கிடந்தன. இன்னொன்று வேண்டாமே என்று இருந்தேன். போய்ப் பார்த்தால் ஒருத்தரும் சத்தியம் கேட்கவில்லை.

தினமும் குடிப்பவரா? முதலில் டாக்டர்

காலையில் கை நடுங்கி, ஒரு கட்டிங் போட்டால்தான் நிற்கிறது என்ற நிலையில் இருந்தால் திடீரென்று தானாக நிறுத்தாதீர்கள். நிறுத்திய முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரிவது, குழப்பம், காய்ச்சல் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் இதற்கு மருந்து உண்டு. வலிப்போ பிதற்றலோ வந்துவிட்டால் யோசிக்காமல் 108. ஏஏ கூட்டம் வைத்தியம் அல்ல. வைத்தியத்துக்குப் பிறகு வரும் நீண்ட நாட்களுக்கானது.

கூட்டத்தைக் கண்டுபிடிப்பது

ஏஏ இந்தியா இணையதளத்தில் ஊர்வாரியாகப் பாருங்கள். இல்லையென்றால் 14446 என்ற மத்திய அரசின் போதை மீட்பு உதவி எண்ணிலோ, மனநலப் பிரிவிலோ கேளுங்கள். பட்டியலை மட்டும் நம்பிக் கிளம்பாதீர்கள். நான் முதலில் போன இடத்தில் கூட்டம் வேறு தெருவுக்கு மாறி மாதங்கள் ஆகியிருந்தன. கேட் பூட்டை வெறித்துப் பார்த்துவிட்டு நேராக எங்கே போனேன் என்று சொல்ல வேண்டியதில்லை. போன் செய்து இவற்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த வாரம் கூட்டம் உண்டா, எத்தனை மணிக்கு, பக்கத்தில் அடையாளம் என்ன, தமிழில் நடக்குமா, திறந்த கூட்டமா மூடிய கூட்டமா. திறந்த கூட்டத்துக்கு வீட்டுக்காரர்களும் வரலாம். மூடியது குடியை நிறுத்த நினைப்பவர்களுக்கு மட்டும். பெண்கள், பெண் உறுப்பினர் யாராவது வருவார்களா என்றும் கேட்கலாம்.

பல இடங்களில் சர்ச் ஹாலிலோ பள்ளிக்கூட அறையிலோதான் கூட்டம் நடக்கும். அந்த மதத்துக்கும் ஏஏவுக்கும் சம்பந்தமில்லை, இடம் மட்டும்தான். பெரும்பாலும் சாயங்காலம் வைப்பார்கள். கை தானாகக் கடைப் பக்கம் வண்டியைத் திருப்பும் நேரமும் அதுதானே. அந்த ஒன்றரை மணி நேரம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதே முதல் நாளுக்குப் போதும்.

உள்ளே என்ன நடக்கும்

நான் போனது ஒரு மூன்றாம் வகுப்பு அறை. கரும்பலகையில் ஏழாம் வாய்பாடு பாதி அழிந்து கிடந்தது. முழங்கால் இடிக்கும் பெஞ்சில் பதினோரு பேர். தலைமை தாங்கியவர் ஏஏவின் முகவுரையை வாசித்தார். உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது. பிறகு ஒவ்வொருவராக 'என் பெயர் இன்னது, நான் ஒரு குடிநோயாளி' என்று தொடங்கிப் பேசினார்கள். இதைப் பகிர்வு என்பார்கள். குறுக்கே யாரும் பேசுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. ஒருவர் வீட்டு மிக்சியைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டுபோய் விற்றதைச் சொன்னார். நான் விற்றது கிரைண்டர்.

என் முறை வந்தபோது 'இன்னைக்குக் கேட்க மட்டும் வந்தேன்' என்றேன். 'நன்றி' என்று அடுத்தவரிடம் போய்விட்டார்கள். நீங்களும் அப்படிச் சொல்லலாம். குடித்துவிட்டுப் போனாலும் விரட்ட மாட்டார்கள். பேசாமல் உட்காரச் சொல்வார்கள். ஒரு பை சுற்றி வரும். வெளியார் நன்கொடை வாங்குவதில்லை என்பது அவர்கள் மரபு, உறுப்பினர்கள் போடும் பத்து இருபதில்தான் டீயும் வாடகையும். முதல் நாள் நீங்கள் போட வேண்டியதில்லை.

அங்கே யாரைப் பார்த்தோம், என்ன கேட்டோம் என்று எதையும் வெளியே சொல்லக்கூடாது. பத்திரிகையிலும் ஊடகத்திலும் உறுப்பினர் பெயர் வராது என்பதும் மரபு. என் பெயர் இங்கே இல்லாததற்கு அதுதான் காரணம்.

குடியிலிருந்து மீள ஏஏ சொல்லும் வழிமுறைக்கு 12 படிகள் என்று பெயர். அவற்றில் கடவுள் பற்றி வரும். 'நாம் புரிந்துகொண்ட விதத்தில்' என்ற சொற்றொடரும் கூடவே வரும். எனக்கு அது ரொம்ப நாள் உறுத்தியது. எங்கள் குழுவில் சாமி கும்பிடாதவர் இருவர் இருக்கிறார்கள், கடவுளுக்குப் பதில் குழுவையே தங்களைவிடப் பெரிய சக்தியாக வைத்துக்கொண்டு. ஒரு குழு ஒட்டவில்லையென்றால் வேறு குழுவுக்குப் போங்கள். ஐந்தாறு கூட்டம் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்குத் தனியாக அல்-அனான் இருக்கிறது. நீங்கள் வராவிட்டாலும் அவர்கள் போகலாம்.

கிளம்பும் முன்

டீக்கு நில்லுங்கள். முக்கியமான வேலை அங்கேதான் நடக்கிறது: போன் நம்பர் வாங்குவது. எனக்கு ஒருவர் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதித் தந்தார். நான்காம் நாள் ராத்திரி ஒன்பதே முக்காலுக்குக் கூப்பிட்டேன். பத்து மணிக்கு டாஸ்மாக் மூடிவிடும், நான் எதிர்ச் சாரியில் வண்டியை நிறுத்தியிருந்தேன். எங்கே இருக்கிறேன் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பிறகு அவர் வீட்டு போர் மோட்டார் காயில் எரிந்த கதையை ஆரம்பித்தார். மெக்கானிக், பில், மறுபடி எரிந்தது என்று பத்தேகால் வரைக்கும் சொன்னார்.