விஎஸ்டி ப்ளகின் (கம்ப்யூட்டர்ல மியூசிக் பண்றப்ப சேத்துக்குற வாத்தியம், எஃபெக்ட் சாஃப்ட்வேர்) வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

மொதல்ல உங்க டிஏடபிள்யூ (மியூசிக் ரெக்கார்ட் பண்ற மெயின் சாஃப்ட்வேர்) எந்த ப்ளகின் ஃபார்மேட்ட எடுக்கும்னு பாத்துக்கோங்க, லாஜிக்னா ஏயூ, ப்ரோ டூல்ஸ்னா ஏஏஎக்ஸ், மத்ததுல பெரும்பாலும் விஎஸ்டி3 ஓடும். சிந்த் (எலக்ட்ரானிக்கா சத்தம் உருவாக்குற சிந்தசைசர்) வேணும்னா வைட்டல், சர்ஜ் எக்ஸ்டி ரெண்டும் ஃப்ரீயாவே கிடைக்குது, அத நோண்டிப் பாக்காம காசு போடுறது வேஸ்ட்.

சாம்பிள் லைப்ரரி, அதாவது வாத்திய சத்தங்கள ரெக்கார்ட் பண்ணி வச்ச தொகுப்பு, அதுதான் கொஞ்சம் வில்லங்கம். கான்டாக்ட் (Kontakt, சாம்பிள் லைப்ரரிய ஓட்டுற சாஃப்ட்வேர்) லைப்ரரின்னு போட்டிருந்தா ஃப்ரீ ப்ளேயர்லயே ஓடுமா இல்ல முழு கான்டாக்ட்டும் வேணுமான்னு படிச்சுப் பாருங்க, இல்லன்னா ப்ளேயர்ல 15 நிமிஷம் டெமோவா ஓடிட்டு நின்னுடும். லைப்ரரி விக்கிறவங்க போடுற டெமோ ட்ராக்க கேட்டு மயங்காதீங்க, அதுல மிக்ஸிங் வேலை நெறைய இருக்கும். ட்ரயல் இருந்தா இறக்கி ஒரே நோட்ட மெதுவாவும் அழுத்தியும் வாசிங்க, வால்யூம் மட்டும் ஏறுதா இல்ல டோனே மாறுதா? அப்புறம் ஸ்னேர் ட்ரம்ம ஒரே அழுத்தத்துல எட்டு தடவ தட்டுங்க, எட்டும் அச்சு அசலா ஒரே மாதிரி கேட்டா ரவுண்ட் ராபின் (ஒவ்வொரு தட்டுக்கும் வேற வேற ரெக்கார்டிங்க மாத்தி மாத்தி போடுறது) இல்லன்னு அர்த்தம், ரோல் வாசிச்சா மெஷின் கன் மாதிரிதான் இருக்கும்.

டிஏடபிள்யூ ஆடியோ செட்டிங்ல பஃபர் சைஸ (கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எடுத்துக்குற சத்தத்தோட அளவு) 128 சாம்பிள்ல வச்சு சத்தம் கரகரன்னு ஒடையுதான்னும் பாத்துடுங்க. பெரிய லைப்ரரின்னா எஸ்எஸ்டிலயே போடுங்க, பழைய ஹார்ட் டிஸ்க்ல வச்சா லோட் ஆகுறதுக்குள்ள ட்யூனே மறந்துடும்.