செல்லுலார் சிறையைச் சும்மா சுற்றிப் பார்க்காமல் எப்படிப் பார்ப்பது?

பிரிட்டிஷ்காரர்கள் சுதந்திரப் போராட்டக்காரர்களை அடைத்துவைத்த சிறை இது. அந்தமான் போகிறவர்களில் பாதிப் பேர் இங்கே மாலை ஒலி-ஒளிக் காட்சியில் உட்கார்ந்து எழுந்து வந்துவிடுகிறார்கள். பகலில் போங்கள். போனதும் நடுக் கோபுரத்துக்கு ஓடாமல், முதலில் ஏதாவது ஓர் அறைக்குள் போய் நில்லுங்கள்.

நீளம் 13.5 அடி, அகலம் 7.5 அடி. பின்சுவரில் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல், வெளிச்சம் மட்டும் வரும். இப்போது கம்பிக் கதவு வழியாகக் கையை வெளியே விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவிப் பாருங்கள். எட்டாது. அதன் நீண்ட தண்டு கதவைத் தாண்டி, வெளிச்சுவரில் குடைந்த ஒரு மாடத்துக்குள் போய் முடிகிறது, பூட்டு மாட்டுவதும் அங்கேதான், அதனால் திருட்டுச் சாவியே கிடைத்தாலும் உள்ளே இருப்பவருக்குப் பிரயோஜனமில்லை.

சரி, அங்கிருந்தே நேராகப் பாருங்கள். 1896 முதல் 1906 வரை கட்டியபோது ஏழு கட்டடங்கள், சைக்கிள் சக்கரக் கம்பிகள் மாதிரி கோபுரத்திலிருந்து விரிந்திருந்தன. ஒன்றின் முகத்துக்கு எதிரே இன்னொன்றின் முதுகுதான் வரும். இத்தனை நூறு பேர் இருந்தும் அறையிலிருந்து பார்த்தால் இன்னொரு கைதியின் முகம் தெரியாது. இன்று மூன்றுதான் மிச்சம், மற்றதை மனதில் வரைந்துகொள்ளுங்கள்.

அப்புறம் கோபுரம். ஆங்கிலேயத் தத்துவவாதி ஜெரமி பெந்தாம் 1791-இல் எழுதிய வட்டச் சிறை இதுதான் என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். பெந்தாமின் திட்டத்தில் காவலர் ஒவ்வொரு அறைக்குள்ளும் பார்க்கலாம். இங்கே நடுவில் நிற்பவருக்கு அறைகளின் முன்னால் ஓடும் தாழ்வாரங்கள்தான் தெரியும், ஆனால் அறையைவிட்டு எங்கே போனாலும் தாழ்வாரம் வழியாகத்தானே போகவேண்டும்?

செக்கைப் பார்க்காமல் திரும்பாதீர்கள். கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்ததை வைத்து நமக்கு அதன் கொடுமை தெரியும். ஆனால் இங்கே கவனிக்கவேண்டியது கணக்கு. ஒருவர் ஒரு நாளைக்கு ஆட்டவேண்டியது 30 பவுண்டு தேங்காய் எண்ணெய், அதாவது 13 கிலோவுக்கு மேல். பக்கத்தில் ஆள் நின்று அதட்டவேண்டிய அவசியமே இல்லை, அளவு குறைந்தால் விலங்கு, சாக்குத்துணி உடை என்று தண்டனை வரும்.

வெளியே வந்ததும் எதிர்ப் பூங்காவில் மகாவீர் சிங், மோகித் மைத்ரா, மோகன் கிஷோர் நாமதாஸ் சிலைகளைத் தேடுங்கள். இந்தச் சிறையில் 1933-இல் சாப்பிட மாட்டோம் என்று உண்ணாவிரதம் இருந்தவர்கள், வலுக்கட்டாயமாக உணவு புகட்டியதில் இறந்துபோனார்கள்.