சுகாதார நிலையக் காலிப் பணியிடங்கள்: தகவல் கேட்டு மனு எழுதும் முறை

கோத்தகிரி, கூடலூர் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் இல்லை என்று பொதுப்படையாகப் புகார் எழுதினால், ‘நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற ஒற்றை வரிதான் பதிலாக வரும். ஆகவே முதலில் கணக்கைக் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் பிரிவு 6(1)-இன்கீழ் மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதும் மனுவில், பதவிவாரியாக அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள், நிரப்பப்பட்டவை, காலியான நாள், மாற்றுப்பணியில் வேறிடம் அனுப்பப்பட்டோர், நோயாளர் நலச் சங்க நிதியின் வரவு செலவு ஆகியவற்றைத் தனித்தனியே கேட்க வேண்டும். மாற்றுப்பணியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஏட்டில் ஆள் இருந்தும் நாற்காலி காலியாகக் கிடப்பதன் சூட்சுமம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. மலைப்பகுதியில் 20,000 பேருக்கு ஒரு நிலையம் என்பது நெறிமுறையாதலால், அந்நிலையத்திற்குட்பட்ட மக்கள்தொகையையும் கேளுங்கள். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி அனுப்பி, 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். வந்த பதிலின் நகலை இணைத்து, உதகையில் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுக் கொடுங்கள்.