சின்னக் கட்டக் கண்ணாடி ஜன்னலைக் கோடு விழாமல் துடைப்பது

ஊட்டிப் பக்கத்துப் பழைய பங்களாக்களில் ஒரே ஜன்னலில் 12, 16 சின்னக் கண்ணாடிகள் மரச்சட்டத்தில் பதிந்திருக்கும். பெரிய கண்ணாடியைத் துடைக்கிற வாக்கில் இதைத் துடைத்தால் நடுவில் பளிச்சென்று இருக்கும். நாலு மூலையிலும் சேறு நிற்கும். மூலையில் கிடக்கும் தூசி நனைந்துதான் சேறாகிறது. அதனால் தண்ணீர் படுமுன் 1 அங்குல பெயிண்ட் பிரஷ்ஷால் மூலைகளையும் குறுக்குச் சட்டங்களையும் மேலிருந்து கீழாகத் தட்டிவிடுங்கள். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும்.

அப்போதே கண்ணாடியைச் சட்டத்தோடு பிடித்துவைக்கும் பூச்சான புட்டியையும் பார்த்துக்கொள்ளுங்கள். விண்டு போயிருந்தால் அந்தக் கட்டத்தை அழுத்தக் கூடாது, கண்ணாடி கழன்றுவிடும்.

கடையில் விற்கும் 10 அங்குல வைப்பர் பெரும்பாலான கட்டங்களுக்குள் நுழையாது. ரப்பரை உருவிவிட்டு, அது உட்காரும் உலோகப் பட்டையைக் கட்டத்தின் அகலத்தைவிட 1 செ.மீ. குறைவாக ஆக்ஸா பிளேடால் அறுத்து, முனைகளை அரத்தால் மழுக்குங்கள். ரப்பர் மட்டும் இருபுறமும் 3 மி.மீ. நீண்டிருக்கட்டும், உலோகம் சட்டத்தின் பெயிண்டைச் சுரண்டாது. பழைய ஜன்னல்களில் எல்லாக் கட்டமும் ஒரே அளவில் இருக்காது. இருப்பதிலேயே சின்னதை அளந்து அறுங்கள்.

4 லிட்டர் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன் போதும். கூடினால் கண்ணாடியில் மங்கலாகப் படியும். ஸ்பாஞ்சை நன்றாகப் பிழிந்து மேல் வரிசையிலிருந்து தொடங்குங்கள். ஒரு கட்டத்தை நனைத்ததும், மேல் ஓரத்தில் விரல் அகலத்துக்கு மட்டும் உலர்துணியால் ஈரத்தை எடுங்கள். வைப்பரை அங்கே வைத்து ஒரே இழுப்பில் கீழே கொண்டுவாருங்கள். ஒவ்வொரு இழுப்புக்கும் பிறகு ரப்பரைத் துடைக்காவிட்டால் அடுத்த கட்டத்தில் கோடு நிச்சயம். பக்க ஓரங்களையும் கீழே தேங்கிய நீரையும் பழைய வேட்டித் துணியை விரலில் சுற்றி ஒற்றி எடுங்கள். அங்கே தண்ணீர் நின்றால் மரம் ஊறும், பெயிண்ட் உரியும்.

வெயில் நேராக விழும் பக்கத்தைத் தள்ளிப்போடுங்கள். இழுப்பதற்குள் சோப்பு காய்ந்துவிடும்.

போர் தண்ணீர் விட்ட வெள்ளைப் புள்ளிகளுக்கு வினிகரும் தண்ணீரும் சரிபாதி. துணியில் நனைத்துக் கண்ணாடி நடுவில் மட்டும் வைத்து, 3 நிமிடம் கழித்து நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். பழைய புட்டி சீமைச்சுண்ணாம்புத் தூளில் ஆளிவிதை எண்ணெய் விட்டுப் பிசைந்தது, வினிகர் பட்டால் அரிக்கும். கீழே மார்பிள் இருந்தால் அதையும்தான்.

துடைத்து முடித்ததும் ஜன்னலை அரை மணி நேரம் திறந்தே வையுங்கள். ஈரத்தோடு சாத்தினால் சட்டத்துப் பெயிண்ட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.