மீன்தொட்டி ஆங்கிலத்தைப் பிழையின்றிப் படிப்பது எப்படி?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் எங்கள் தெருவில் நான்கு மணி நேரம் மின்சாரம் இல்லை. தொட்டி மீன்கள் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டு பதறிப்போய், இணையத்தில் பழக்கமான ஓர் அமெரிக்க மீன்வளர்ப்பாளரிடம், ‘நாலு மணி நேரமாகக் கரண்ட் இல்லை’ என்பதை அப்படியே ஆங்கிலமாக்கி எழுதினேன். வடிகட்டியின் வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைத்தால் சுழற்சி கூடும் என்று அவர் பொறுமையாக விளக்கினார். மீன்வளர்ப்போர் ஆங்கிலத்தில் ‘கரண்ட்’ என்பது தொட்டிக்குள் ஓடும் நீரோட்டம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. மின்தடையை அமெரிக்கர் ‘பவர் அவுட்டேஜ்’ என்பார்கள். பிரிட்டனில் அது ‘பவர் கட்’. விஷயம் புரிந்ததும், குவளையால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றச் சொன்னார். அப்படி ஊற்றித்தான் மீன்களைக் காப்பாற்றினேன்.

தெரியாத சொல்லால் பெரிய கேடு வராது என்பதை அன்று கற்றேன். தெரியாவிட்டால் அகராதியைப் புரட்டுவோம், யாரையாவது கேட்போம். தெரிந்த சொல்லென்று நாம் நம்பிக் கடந்துபோகும் சொல் இன்னொரு நாட்டில் வேறு பொருளிலோ வேறு அளவிலோ வழங்கும்போதுதான் மீன் சாகிறது.

ஆகவே ஓர் அறிவுரையைப் படித்ததும், சொன்னவர் எந்த நாட்டுக்காரர் என்பதை முதலில் கண்டுகொள்ள வேண்டும். குழாயை ‘ஃபாசெட்’ என்பவர் வட அமெரிக்கர். இரண்டு வாரத்தை ‘ஃபோர்ட்நைட்’ என்பவரும், நன்றிக்கு ‘சியர்ஸ்’ என்பவரும் பெரும்பாலும் பிரிட்டனையோ ஆஸ்திரேலியாவையோ சேர்ந்தவர்கள். பிற்பகலை ‘ஆர்வோ’ என்று சுருக்கினால் அவர் பெரும்பாலும் ஆஸ்திரேலியர். எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பிவிடக் கூடாது. கனடாக்காரர்கள் வண்ணம், லிட்டர் ஆகிய சொற்களைப் பிரிட்டன் முறையில் எழுதிவிட்டு, தொட்டியை அமெரிக்க கேலனில் சொல்வார்கள்.

கேலன்தான் மிகப் பெரிய பள்ளம். அமெரிக்க கேலன் 3.785 லிட்டர், பிரிட்டனின் இம்பீரியல் கேலன் 4.546 லிட்டர். ஒன்றுக்கு மற்றொன்று ஏறத்தாழ 20 விழுக்காடு பெரியது. பிரிட்டனில் இப்போது லிட்டர் வழக்கத்தில் இருந்தாலும், மூத்த வளர்ப்பாளர்களின் பேச்சிலும் பழைய கையேடுகளிலும் இம்பீரியல் கேலன் இன்னும் உயிரோடிருக்கிறது. 5 கேலனுக்கு 5 மில்லி மருந்து என்று அத்தகைய ஒருவர் சொல்வதாக வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் தொட்டி அவருடைய கணக்கில் 22 கேலன் என்பதால் 22 மில்லி போதும். அதை அமெரிக்க கேலனாக எடுத்துக்கொண்டால் தொட்டி 26.4 கேலனாகி, மருந்தும் 26.4 மில்லியாகிவிடும். மாலகைட் கிரீன் கலந்த மருந்துகளை லோச் போன்ற மீன்கள் அவ்வளவாகத் தாங்குவதில்லை. அந்தக் கூடுதல் நான்கு மில்லியை அற்பமென்று நினைக்க வேண்டாம். எந்த அளவையும் லிட்டருக்கு மாற்றிக் காகிதத்தில் எழுதிய பிறகே புட்டியைத் திறப்பது என் வழக்கம்.

தொட்டியைக் குறிப்பிடும் முறையிலும் வேறுபாடு உண்டு. பிரிட்டனில் நம்மைப் போலவே ‘நாலடித் தொட்டி’ என்பார்கள். அமெரிக்கர் வெறும் எண்ணைச் சொல்வார்: ‘ஐம்பத்தைந்து’ என்றால் 48 அங்குல நீளமுள்ள 55 கேலன் தொட்டி. ‘20 லாங்’, ‘20 ஹை’ இரண்டின் கொள்ளளவும் ஒன்றே. முன்னது 30 அங்குல நீளமும் 12 அங்குல உயரமும், பின்னது 24 அங்குல நீளமும் 16 அங்குல உயரமும் கொண்டது. அடிமட்டத்தில் திரியும் கோரிடோராஸ் என்னும் சிறு கெளுத்தி மீனுக்கு எதை வாங்குவது என்பது அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

தேக்கரண்டியில் பெரிய வேறுபாடு இல்லை, எல்லா நாட்டிலும் ஏறத்தாழ 5 மில்லிதான். மேசைக்கரண்டியில் கவனம் வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அது ஏறத்தாழ 15 மில்லி. ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. மேலும், மீனுக்கு மருந்தாகப் போடும் உப்பில், கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடை நிற்பதில்லை. என் சமையலறைக் கரண்டியில் இரண்டையும் அள்ளி எடைபோட்டுப் பார்த்த நாளிலிருந்து, உப்பை கிராமில் சொல்லும்படியே எவரையும் கேட்கிறேன்.

‘டிகிரி’ என்ற சொல்லை இரண்டு இடங்களில் சந்திப்போம். வெப்பநிலையில், 78 என்றால் ஃபாரன்ஹீட் என்று யாருக்கும் புரியும். ‘நான்கு டிகிரி கூட்டு’ என்னும்போதுதான் குழப்பம். அமெரிக்கரின் நான்கு டிகிரி நமக்கு 2.2 டிகிரி செல்சியஸ் மட்டுமே. நீரின் கடினத்தன்மையில் சிக்கல் இன்னும் ஆழமானது. ஒரு ஜெர்மன் டிகிரி ஏறத்தாழ 17.8 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்னும் அளவு), பிரிட்டனின் கிளார்க் டிகிரி 14.3, பிரெஞ்சு டிகிரி 10. ‘என் தண்ணீர் 10 டிகிரி’ என்று பிரிட்டன்காரர் சொன்னால், தண்ணீர் நிறுவனத்தின் அறிக்கையைப் பார்த்துச் சொல்கிறாரா, ஜெர்மன் டிகிரி காட்டும் சோதனைப் பெட்டியைப் பார்த்துச் சொல்கிறாரா என்று கேட்டு, பிபிஎம்மில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர்களை விரைவாகச் சொல்லிவிடலாம். அமெரிக்கரின் ‘இக்’ பிரிட்டனில் ‘ஒயிட் ஸ்பாட்’, நம் வெண்புள்ளி நோய். உறிஞ்சுவாய் மீனான ‘பிளீகோ’ அங்கே ‘பிளெக்’. தொட்டியில் இடும் மரக்கட்டையான ‘டிரிஃப்ட்வுட்’ அங்கே ‘பாக்வுட்’. தொட்டிக்கு வெளியே வைக்கும் ‘கேனிஸ்டர் ஃபில்ட்டர்’ அங்கே ‘எக்ஸ்டர்னல் ஃபில்ட்டர்’. பிளெக்குக்குக் ‘கோர்ஜெட்’ போடச் சொன்னால் அது சுக்கினி என்னும் காய்தான். வடிகட்டிப் பஞ்சை ஆஸ்திரேலியர் ‘டேக்ரான்’ என்பதும் உண்டு.

வீட்டுப் பொருள்களில் இவ்வளவு எளிதாக ஒன்றுக்கு ஒன்று ஈடு வைக்க முடியாது. ஒழுகும் தொட்டியைப் புதிய சிலிக்கான் பூசி ஒட்டும் முன் கண்ணாடியை ‘ரப்பிங் ஆல்கஹால்’ கொண்டு துடைக்கச் சொல்வார் அமெரிக்கர். அது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். அதற்கு ஈடென்று சிலர் சொல்லும் பிரிட்டனின் ‘சர்ஜிக்கல் ஸ்பிரிட்’டில் விளக்கெண்ணெயும் மெதில் சாலிசிலேட்டும் கலந்திருக்கும். எண்ணெய்ப் படலத்தின் மேல் சிலிக்கான் பிடிக்காது. ‘பிளீச்’சும் அப்படித்தான்: அறிவுரை சொல்பவர் மணமில்லாத வெறும் திரவத்தை மனத்தில் வைத்திருப்பார், கடையில் கிடைப்பதிலோ சோப்புப் பொருளும் வாசனையும் கலந்திருக்கலாம். இத்தகைய இடங்களில் பெயரைக் கேட்காமல் உள்ளே இருக்கும் வேதிப்பொருளைக் கேட்டு, புட்டியின் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பேச்சின் தொனியை அளந்து படிப்பது இவை எல்லாவற்றையும்விடக் கடினம். ‘அம்மோனியா அளவு எனக்குச் சற்றுக் கவலை தருகிறது’ என்று பிரிட்டன்காரர் எழுதினால், உடனே பாதித் தண்ணீரை மாற்று என்று பொருள் கொள்ளுங்கள். ‘ஆஸ்கர் மீனுக்கு இந்தத் தொட்டி ஒரு துளி சிறிதோ’ என்பது அவர் வாயில் கடுமையான மறுப்பு. ‘நாட் பேட்’ என்றால் மனம் நிறைந்த பாராட்டு. ‘கொய்ட் குட்’ என்பதை அமெரிக்கர் ‘மிக நன்று’ என்ற பொருளில் சொல்வார். பிரிட்டனில் பல வேளை அது ‘பரவாயில்லை’ என்ற அளவோடு நின்றுவிடும். அமெரிக்கர் நேரடியாக ‘அந்த மீனை வெளியே எடு’ என்பார். அதில் கோபம் எதுவுமில்லை. இந்த வேறுபாடு தெரியாமல் மென்மையாகச் சொன்னவரின் எச்சரிக்கையைத் தள்ளிவிட்டு, உரக்கச் சொன்னவரிடம் மனம் புண்பட்டு விலகிய நம்மவர்களை நான் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் இருவருமே மீனின் நலனுக்காகத்தான் பேசினார்கள்.

நாம் எழுதும்போதும் நம் ஆங்கிலத்தை ஒருமுறை சலித்துப் பார்ப்பது நல்லது. ‘எனக்கு ஒரு டவுட்’ என்று தொடங்கினால், அவர் சொன்னதை நாம் நம்பவில்லை என்று மேலைநாட்டவர் எடுத்துக்கொள்ளக் கூடும். ‘கொஸ்டின்’ என்றே எழுதுங்கள். ‘போர் வாட்டர்’ ஆஸ்திரேலியருக்குப் புரியும், அமெரிக்கருக்கு ‘வெல் வாட்டர்’ என்க. கேன் தண்ணீர் என்றால் என்ன என்பதை இருவருக்கும் விளக்க வேண்டியிருக்கும். ‘இரண்டு மீன் எக்ஸ்பயர்டு’ என்று எழுதினால், காலாவதியான மீனுணவைப் பற்றிக் கேட்கிறோமோ என்று அவர்கள் குழம்புவார்கள். இறந்ததை ‘டைடு’ என்றே எழுதி, தொட்டியின் நீள அகல உயரத்தை சென்டிமீட்டரிலும், தண்ணீரை லிட்டரிலும், வெப்பத்தை செல்சியசிலும், கடினத்தன்மையைப் பிபிஎம்மிலும் முதல் இரண்டு வரியிலேயே கொடுத்துவிட்டால், பதில் சொல்பவர் ஊகிக்க வேண்டியது எதுவும் மிச்சமிருக்காது.