வடிகட்டிய வெயிலில் பச்சிளங்குழந்தையின் மஞ்சள் காமாலைக்குச் சிகிச்சை

மின்சாரம் அடிக்கடி தடைபடும் நைஜீரியாவின் லாகோஸ் நகரில், மிதமான காமாலைக்கு நீல விளக்குச் சிகிச்சையைவிட வடிகட்டிய வெயில் குறைந்ததல்ல என்று 2015இல் வெளியான ஆய்வு நிறுவியது. இம்முறையைக் கையாள விரும்பும் சிறிய மருத்துவமனைகள், புற ஊதாக் கதிர்களையும் வெப்பக் கதிர்களில் பெரும்பகுதியையும் தடுத்து நீல ஒளியை உள்ளே விடும் சோதிக்கப்பட்ட படலத்தையே குழந்தையைக் கிடத்தும் கூடாரத்திற்குப் போட வேண்டும். சாதாரண பிளாஸ்டிக் தாள் அதற்கு ஈடாகாது.

கருமையான தோலில் மஞ்சள் நிறம் எளிதில் புலப்படாது. ஈறை விரலால் மெல்ல அழுத்தி எடுத்து, வெளிறிய அந்த இடத்தைப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இயன்றால் இரத்தத்தில் பிலிருபின் (காமாலையை உண்டாக்கும் மஞ்சள் நிறமி) அளவையும் சோதியுங்கள்.

குழந்தையை அணையாடையுடன் மட்டும் கூடாரத்தில் கிடத்தி, மணிக்கொரு முறை உடல் வெப்பத்தை அளந்து, 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் உடனே நிழலுக்கு மாற்ற வேண்டும். இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை தாய்ப்பால் கொடுப்பது மிக அவசியம், ஏனெனில் ஒளியால் உருமாறிய பிலிருபின் மலத்திலும் சிறுநீரிலும்தான் வெளியேறுகிறது. குழந்தையின் துணிகளுக்கிடையே அந்துருண்டை வைக்கவே கூடாது. ஜி6பிடி (இரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி) குறைபாடுள்ள குழந்தைக்கு அதன் நெடியே அந்த அணுக்களைச் சிதைத்துக் காமாலையைக் கூட்டிவிடக்கூடும்.

வீட்டு முற்றத்தின் நேரடி வெயில் இதற்கு மாற்றாகாது. பிறந்த 24 மணி நேரத்திற்குள் மஞ்சள் தெரிந்தாலோ, குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, வில்லாக வளைந்து கீச்சென்று அழுதாலோ, கூடாரத்தில் காத்திருக்காமல் இரத்த மாற்று வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனடியாக அனுப்புங்கள்.