ஹைபிரிட் கார் பேட்டரி: எப்போது ஏறுகிறது, எங்கே இறங்குகிறது?

புதிதாக ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார்) எடுத்தவர்கள் முதல் வாரத்திலேயே கேட்பது இதுதான்: "பேட்டரி பாதிக்கு மேல் ஏறவே மாட்டேன் என்கிறதே, கோளாறா?" கோளாறு இல்லை, அதன் வேலையே அப்படித்தான். பெட்ரோல் டாங்கியைப் போல நிரப்பி வைக்கிற பொருள் அல்ல அது. சட்டைப் பையில் கிடக்கும் சில்லறை மாதிரி, வரும், போகும். பை முட்ட நிரம்பிவிட்டால் அடுத்து வருவதைப் போட இடமிருக்காது.

கீழே உள்ள கணக்குகள் 2009இல் வந்த மூன்றாம் தலைமுறை டொயோட்டா பிரியஸை வைத்துச் சொல்பவை. கியா நிரோ, ஹோண்டா வெஸல், டொயோட்டா சியென்டா போன்றவற்றில் எண்கள் மாறும், நடைமுறை மாறாது. இரவில் வயர் செருகிச் சார்ஜ் செய்யும் பிளக்-இன் வண்டிகளுக்கு இது பொருந்தாது.

படி 1: பையின் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள்

பிரியஸ் பேட்டரி 28 தொகுதிகள் கொண்டது. தொகுதிக்கு 6 செல் வீதம் 168 நிக்கல் செல்கள், மொத்தம் 201.6 வோல்ட், கொள்ளளவு ஏறத்தாழ 1.3 கிலோவாட் மணி. அதையும் முழுதாகப் பயன்படுத்த கணினி விடாது. ஏறக்குறைய 40 முதல் 80 விழுக்காட்டுக்குள்தான் ஆட்டம், 60ஐ ஒட்டி வைத்திருக்கவே அது விரும்பும். அடிமட்டம் வரை வடிவதும் உச்சிவரை நிரம்புவதும் செல்களின் ஆயுளைக் குறைக்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. ஆக உங்கள் கைக்கு வருவது அரை கிலோவாட் மணிதான். 2 கிலோவாட் கெட்டிலைக் கால் மணி நேரம் ஓட்டினால் தீர்ந்துவிடும்.

திரையில் தெரியும் 8 கட்டங்கள் இந்த இடைப்பட்ட பகுதியைத்தான் காட்டுகின்றன. ஒரு கட்டம் என்பது சுமார் 0.065 கிலோவாட் மணி. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

படி 2: புளோக்கிலிருந்து புறப்படும்போதே பாருங்கள்

பிரேக்கை மிதித்து பவர் பொத்தானை அழுத்துங்கள். 'ரெடி' விளக்கு எரிந்தால் வண்டி தயார், எஞ்சின் சத்தம் கேட்காவிட்டாலும். திரையில் ஆற்றல் ஓட்டப் படத்தைத் திறந்து வையுங்கள். சற்று நேரத்தில் எஞ்சின் தானாக ஓடத் தொடங்கும். அப்போது பேட்டரி குறைந்துவிட்டது என்று பொருளல்ல, எஞ்சினும் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்கும் வினையூக்கியும் சூடாக வேண்டும் என்பதற்காக ஓடுகிறது.

சிங்கப்பூரில் மலை ஏது? நமக்கு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடம்தான் மலை. 1,400 கிலோ வண்டி எட்டு மாடி, அதாவது 24 மீட்டர் இறங்கினால் கிடைக்கக்கூடிய ஆற்றல் 0.09 கிலோவாட் மணி. இழப்புகள் போக ஒரு கட்டம் ஏறினாலே நல்ல அறுவடை. மாலையில் திரும்பி மேலே ஏறும்போது அதை வட்டியோடு கொடுத்துவிடுவீர்கள்.

படி 3: பிரேக்கைப் பிடிக்கும் விதம்

ஆரம்பக்காரர்கள் அதிகம் கோட்டைவிடும் இடம் இது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டியின் ஓட்ட ஆற்றல் சுமார் 0.054 கிலோவாட் மணி. முழுதும் திரும்பக் கிடைத்தாலும் ஒரு கட்டத்துக்கு எட்டாது. காற்று, டயர், மின்மாற்ற இழப்பு எல்லாம் கழிந்து மிஞ்சுவது இன்னும் குறைவு. அதையும் வீணாக்காமல் பிடிப்பதில்தான் பெட்ரோல் மிச்சமாகிறது.

பிரேக்கை மிதித்ததும் முதலில் வேலை செய்வது மோட்டார். அது ஜெனரேட்டராக மாறி சக்கரங்களின் ஓட்டத்தை மின்சாரமாக்கும். அதன் வரம்புக்கு மேல் அழுத்தினால் மீதி பிரேக் பேடுக்குப் போய் வெறும் சூடாகிவிடும். எனவே தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் ஆக்ஸிலரேட்டரை விட்டு, மெல்ல, நீளமாக அழுத்துங்கள். கருவிப்பலகையில் 'சார்ஜ்' பகுதிக்குள் பட்டை நின்றால் சரி. பட்டை அதன் எல்லையை முட்டி நின்றுவிட்டால், நீங்கள் காலால் அழுத்தும் மிச்சம் பேடைத்தான் தேய்க்கிறது. கடைசிப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் எப்படி மிதித்தாலும் பேடுதான் நிறுத்தும், அங்கே சம்பாதிக்க ஒன்றுமில்லை.

படி 4: நின்றுகொண்டிருக்கும்போது

நம் ஊரில் பேட்டரியைக் குடிப்பது ஏர்கான். இந்த வண்டிகளில் கம்ப்ரெசர் பெரிய பேட்டரியின் மின்சாரத்தில் ஓடுகிறது. கம்ப்ரெசர் 1 கிலோவாட் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 60இலிருந்து 40 விழுக்காட்டுக்கு இறங்க கால் மணி நேரம் போதும். பிறகு எஞ்சின் தானே எழுந்து சார்ஜ் செய்துவிட்டு மறுபடி அணையும். தீபாவளிக்கு முந்தைய வாரம் சிராங்கூன் சாலையில் ஊர்ந்து இடம் தேடுகிறவர்கள் இந்த விளையாட்டை நன்றாகப் பார்க்கலாம்.

கியரை 'என்'இல் போடாதீர்கள். பழைய பெட்ரோல் கார் பழக்கத்தில் பலர் இதைச் செய்கிறார்கள். நியூட்ரலில் எஞ்சின் ஓடினாலும் பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏர்கான் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கும். உட்லண்ட்ஸ் கடற்பால வரிசையில் இரண்டு மணி நேரம் நிற்க நேர்ந்தால் 'டி'யில் பிரேக்கோடு நில்லுங்கள், வெகுநேரம் அசையாது என்றால் 'பி' (P, பார்க்கிங்).

கார் நிறுத்துமிடத்தில் ஏர்கான் போட்டுத் தூங்குவது வேறு விஷயம். நிறுத்திய வண்டியில் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம். ஹைபிரிட்டில் அது தானாக ஓடத் தொடங்கியது என்பது சாக்காகாது.

படி 5: விரைவுச்சாலை, 'இவி' பொத்தான், மலை இறக்கம்

தீவு விரைவுச்சாலையில் சீரான வேகத்தில் போனால் கட்டம் அதிகம் அசையாது. எஞ்சினே இழுக்கும், முந்தும்போது மட்டும் பேட்டரி கைகொடுக்கும்.

மின்சாரத்தில் மட்டும் ஓட்டும் 'இவி' பொத்தானை அழுத்தி எஞ்சினை அடக்கி வைப்பதால் பெட்ரோல் மிச்சம் என்று நினைப்பது வீண். அப்படிச் செலவழித்த மின்சாரத்தைப் பிறகு பெட்ரோல் எரித்துத்தான் ஈடு செய்ய வேண்டும், போகவர இரண்டு முறையும் இழப்பு. நள்ளிரவில் அக்கம்பக்கத்தாரை எழுப்பாமல் வண்டியை நிறுத்த உதவும், அவ்வளவே.

மலேசியாவின் கெந்திங் மலைக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ஒரு கணக்கு. 1,000 மீட்டர் உயரம் இறங்கினால் 3.8 கிலோவாட் மணி, பேட்டரியின் மொத்தக் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு. பாதி வழியிலேயே கட்டங்கள் நிரம்பிவிடும். அதன்பிறகு மோட்டாரால் சார்ஜ் செய்ய முடியாது, சுமை அதிகமும் பேடுகளுக்குப் போகும். இறக்கம் தொடங்கும்போதே 'B' என்ற எஞ்சின் பிரேக் நிலைக்கு (பார்க்கிங் 'P' அல்ல) மாற்றுங்கள். எஞ்சின் உறுமும், பயப்பட வேண்டாம், பெட்ரோல் எரியாமல் வெறுமனே சுழன்று வேகத்தை இழுத்துப் பிடிக்கிறது. சமதரையில் இந்த நிலை தேவையில்லை, கிடைக்க வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதியை எஞ்சினைச் சுழற்றியே வீணாக்கும்.

படி 6: வண்டி கிளம்பாதபோது

பெரும்பாலும் குற்றவாளி பெரிய பேட்டரி அல்ல, சின்ன 12 வோல்ட் பேட்டரி. கணினிகளை எழுப்புவது அதுதான். 'ரெடி'யில் இருக்கும்போது மட்டுமே அது சார்ஜ் ஆகும். 'ரெடி'க்குப் போகாமல் வெறுமனே ரேடியோ கேட்டுக்கொண்டு 'ஏசிசி' (துணைக்கருவிகள் மட்டும் இயங்கும் நிலை)யில் உட்கார்ந்தால் வடிந்துவிடும். வண்டி ஓய்வில் இருக்கையில் 12.6 வோல்ட் காட்டினால் நலம், 12.2க்குக் கீழே போனால் மாற்றும் வேளை நெருங்குகிறது. வாரக்கணக்கில் ஊருக்குப் போகிறவர்கள், யாரையாவது இடையில் அரை மணி நேரம் ஓட்டச் சொல்லிவிட்டுப் போவது நல்லது. பிரியஸில் இந்தப் பேட்டரி பின்பக்கம் இருக்கிறது, அது செத்தால் பின்கதவும் திறக்காது. முன் பானெட்டின் ஃபியூஸ் பெட்டியில் சிவப்பு மூடியிட்ட முனை உண்டு, ஜம்ப் வயரை அங்கே மாட்டுங்கள். பிளஸ், மைனஸ் மாறினால் செலவு பெரிது.

பெரிய பேட்டரி தளர்வதற்கு அடையாளங்கள் வேறு. கட்டங்கள் சில நிமிடங்களில் நிறைந்து, அதே வேகத்தில் காலியாகும். எஞ்சின் ஓயாது. பின் இருக்கைப் பக்கம் விசிறி இரையும். அந்த விசிறி காருக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துத்தான் பேட்டரியைக் குளிர்விக்கிறது. இருக்கையின் பக்கவாட்டுத் துளையை டெக்கா சந்தையில் வாங்கிய அரிசி மூட்டையால் அடைத்தால் செல்கள் வேகும். தூசும் பூனை முடியும் சேரும் இடம், சர்வீஸின்போது சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான பத்தாண்டு உரிமை) முடிந்து புதுப்பிக்கலாமா என்று யோசிக்கும் பத்தாம் ஆண்டில், முடிவெடுக்கும் முன் பட்டறையில் இரண்டிரண்டு தொகுதிகளாகச் சேர்ந்த 14 இணைகளின் வோல்டேஜையும் ஓட்டத்தில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். எல்லாம் ஒன்றுபோல ஏறி இறங்கினால் நல்லது. சுமை ஏறும்போது ஒன்று மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ட்டுக்கு மேல் சரிந்தால் அந்த இணையில் ஒரு தொகுதி நொண்டுகிறது, 'பி0ஏ80' என்ற பிழைக் குறியீடு வர அதிக நாளாகாது. ஒரு தொகுதியை மட்டும் மாற்றித் தருகிறோம் என்பவர்களிடம் கவனமாக இருங்கள். கூடவே வயதான மற்ற 27உம் வரிசையில் நிற்கின்றன. ஆரஞ்சு நிற வயர்களில் 200 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, மூடியை நீங்களே கழற்றிப் பார்க்க வேண்டாம்.